ஏழு நாற்பதுக்குத் திறக்கும் கதவு

ஐந்து வேண்டாம், இரண்டு புள்ளி நான்குதான் வேண்டும், இந்தப் பூட்டுகளுக்கு அது மட்டும்தான் பிடிக்கும், ஐந்து வேகமாகப் போகும், ஆனால் நடுவில் ஒரு சுவர் வந்துவிட்டால் சோர்ந்துவிடும், இரண்டு புள்ளி நான்கு நிதானமாகச் சுவர் சுவராகத் தாண்டி மாடி வரைக்கும் போய்விடும்... என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே பூஜிதா ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரே பெயரில் வந்துகொண்டிருந்த வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தரை. அண்ணன் சசிதர் அவசரமாக ஒரு மோட்டார் காயில் கட்டவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தான், போகிறபோது செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயே பாத்துப் போட்ரு கண்ணு, எனக்கு இதெல்லாம் வராது, உன்ற போன்லயே ஏத்திக்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான், அவன் எப்போதுமே அப்படித்தான், அதற்கு அர்த்தம் தேடக்கூடாது... தேடாமலும் இருக்க முடியவில்லை. சரவணம்பட்டியில் நானூறு பேர் உட்காரும் ஆபீசுக்கு நெட்வொர்க் பார்க்கிறவள் அவள், இங்கே மூன்று கதவு, விரல் ரேகைக்கோ நான்கு எண்ணுக்கோ திறக்கிற மூன்று பூட்டு, அவற்றை இன்டர்நெட்டோடு சேர்த்துவைக்கிற உள்ளங்கை அகல வெள்ளை டப்பா ஒன்று, ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து இதில் கை வைக்கவே மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது பூட்டுதான் காரணம்.

முதல் இரண்டும் சரி, அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல சாவி, அதை யார் கடைசியாகப் போகிறார்களோ அவர்கள் கொண்டுபோவார்கள். போன மாதம் ஒருநாள் தலைவலி என்று நாலு மணிக்கே வந்துவிட்டாள், அண்ணி பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலையில், அண்ணன் ஒர்க்‌ஷாப்பில், கதவு பூட்டியிருந்தது. ஒரு போன் போட்டால் அண்ணன் பத்து நிமிடத்தில் வந்திருப்பான். போடவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரியில் போய் இரண்டு டீயும் ஒரு தேங்காய் பன்னுமாக ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போதுதான் ஆபீசிலிருந்து வருகிற மாதிரி வந்தாள், ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றா, தன்னை யாரும் தேடுகிறார்களா என்று பார்க்கவா... பேக்கரிக்காரர் அண்ணனுக்குப் பழக்கம், சொல்லிவிட்டார் போல. அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போன வாரம் காந்திபுரத்துக்குப் போய் மூன்று பூட்டு வாங்கிக்கொண்டு வந்து டீப்பாயில் வைத்தான். முன்கதவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, மூன்றாவது ஒர்க்‌ஷாப்புக்காக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேற்று ஆபீசிலிருந்து வந்து மாடிப்படி ஏறினால், அவள் அறைக் கதவில் கறுப்பாக, பளபளவென்று அது உட்கார்ந்திருந்தது, கீழே மரத்தூளைக்கூட யாரும் கூட்டவில்லை. மாடி அறைக்கு வெளிப்பக்கமாகவே படி உண்டு, அவள் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பேங்க்காரர் வாடகைக்கு இருந்தார், அவர் காலிசெய்த மறுவாரம் அவள் இரண்டு பெட்டியோடு வந்தாள், இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள், ஏழு மாதம் ஆகிவிட்டது. அப்பா திருமலைசாமி இருந்தவரை இது அப்பா வீடு, அவர் போய் மூன்று வருடமாக இது அண்ணன் வீடு, யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் யாருக்குத்தான் தெரியாது? மாடிக்குத் தனிப் பூட்டு என்றால் மாடி தனி என்று அர்த்தமா, திரும்ப வாடகைக்கு விடப்போகிறார்களா, அல்லது இதுவரைக்கும் உன் இடம், இதற்கு இந்தப் பக்கம் எங்கள் இடம் என்று சொல்லாமல் சொல்கிறார்களா...

சரி, வேலையைப் பார். போனில் அந்தப் பூட்டுக்கான ஆப்பைத் தேடப் போனாள், புதிதாக இறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால், ஏற்கனவே இருக்கிறது என்றது போன். எங்கே? மூன்றாவது பக்கத்தில், தொடாத ஆப்புகளையெல்லாம் போட்டுவைத்த ஒரு மூலையில். ஓ, அதே கம்பெனியா... அண்ணன் வாங்கியதும் அதே கம்பெனியா... அவள் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டதும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் திறந்துகொண்டது, நேராகப் பெங்களூர் வீடு. முன்கதவு, பூட்டியிருக்கிறது. பேட்டரி ஒன்பது சதவீதம். பூஜிதா கொஞ்ச நேரம் அந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூட்டை மாட்டிய நாள் அவள் கணவன் ரோஹன் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு, கதவின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் பூட்டுக்காகப் போட்ட ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும் தெரிய, "மேடம் யாருங்க, எங்க வந்தீங்க?" என்று கேட்டான்... அவ்வளவு சிரித்திருக்கிறோமா? சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை, அதுதான் யாருக்கும் விளக்க முடியாமல் போயிற்று, அவளுக்கு நைட் ஷிஃப்ட், அவனுக்குப் பகல் வேலை, பேசவேண்டியதெல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டிலும் மெசேஜிலும் முடிந்துபோய், ஒருநாள் கோயமுத்தூர் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றபோது அவன் சரி என்றான். எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு வாரம் முடிந்தபோது எப்போது வருகிறாய் என்றும் கேட்கவில்லை. அவளும் நான் வரவேண்டுமா என்று கேட்கவில்லை. பேட்டரி ஒன்பது என்றால் அது கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்தியிருக்கும், அவன் காதில் விழாது, அந்த வீட்டில் எது தீர்ந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும், காஸ், சோப்புத்தூள், பேட்டரி... வேண்டாம், இது இப்போது வேண்டாம். புதிய வீடு சேர்க்க என்று ஒரு கூட்டல் குறி இருந்தது. தொட்டாள். வீட்டின் பெயர்? சிங்காநல்லூர் என்று போட்டாள்.

முன்கதவு உடனே பிடித்துக்கொண்டது, பின்கதவு இரண்டாம் தடவையில். சமையலறையிலிருந்து அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள், "ஏனம்மணி, என்ற கைய எப்ப வெக்கோணும்?" என்று கேட்டு, பின்கதவு முன்னால் குழந்தை ஊசி போட்டுக்கொள்ள நிற்பதுபோல விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். பூட்டு ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுகை... ஒவ்வொரு தடவையும் சிவப்பு. "பாத்தரம் வெளக்கி வெளக்கி ரேகையெல்லாம் போயிருச்சாட்ட இருக்குது" என்று அண்ணி சிரித்தாள். "அதெல்லாம் இருக்குதுங்க அண்ணி, குடுங்க" என்று பூஜிதா அந்த விரலை வாங்கித் தன் துப்பட்டாவில் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, தானே பிடித்து மெதுவாக அழுத்தினாள். இந்த ஏழு மாதத்தில் அண்ணியின் கையைத் தொடுவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது, ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு. பெங்களூரில் வீட்டுவேலைக்கு வரும் மஞ்சுளாம்மாவுக்கும் இதே கதைதான், பத்து விரலும் ஏறவில்லை, கடைசியில் சலித்துப்போய்த் தன்னுடைய நான்கு எண்ணையே அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், காலையில் வந்து அதை அழுத்தித்தான் உள்ளே போவார்... பச்சை. ஏறிவிட்டது. அண்ணி "ஆத்தாடி" என்று கையை எடுத்துத் தன் விரலையே பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆப்பின் மேல்பக்கத்தில் இருந்ததைக் கவனித்தாள், சிங்காநல்லூர், உரிமையாளர் பூஜிதா. அய்யோ. யார் போனில் முதலில் ஏற்றுகிறோமோ அவர்தான் உரிமையாளர், அது அந்த ஆப்பின் சட்டம், அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஏதோ பத்திரத்தில் யாரும் பார்க்காதபோது பெயரைத் திருத்திவிட்ட மாதிரி முகம் சூடாகியது. உடனே மாற்ற வேண்டும். அண்ணன் போன் அவனோடு போய்விட்டது, அண்ணி போன் இதோ ஜன்னலில் இருக்கிறது. "அண்ணி, உங்க போன்ல போடறனுங்க, நீங்கதான் ஓனரு." "என்ற போன்லயா? உங்கண்ணன் வரட்டுமே." "இல்லீங்க, நீங்களே இருங்க." மாற்றியதும் ஆப் அவளைப் பார்த்துக் கேட்டது, இனி நீங்கள் இந்த வீட்டில் யார்? குடும்பம், விருந்தாளி, இரண்டே கட்டம். பொத்தானைப் பார்த்துப் பார்த்து விரல் தானாக விருந்தாளிக்குப் போயிற்று, போனதும் ஒரு நாட்காட்டி விரிந்தது, எந்தத் தேதி வரை? இந்த மாதம் முழுக்கக் கட்டம் கட்டமாக, அடுத்த மாதமும், அதற்கடுத்ததும்... தீபாவளி வரைக்கும் போடலாமா, அல்லது இரண்டு வாரம், எல்லோரிடமும் சொன்னது அதுதானே...

"அதென்ன தேதி கேக்குது?" அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"விருந்தாளிக்கு மட்டும் கேக்குமுங்க."

"யாரு விருந்தாளி?"

பூஜிதா போனைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்குதே கத. உன்ற துணி கொடில என்ற துணியோட ஒண்ணாக் காஞ்சுட்டுக் கெடக்குது, நீ எந்த ஊரு விருந்தாளி? அந்தப் பக்கம் இருக்கறத அமுத்து" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமலோ என்னவோ, அண்ணியே சற்றுமுன் பச்சை வாங்கிய அந்த விரலால் குடும்பம் என்பதைத் தொட்டாள். நாட்காட்டி மறைந்துவிட்டது. இவ்வளவுதானா? இப்போது கேட்டுவிட்டால் என்ன, இப்போது கேட்காவிட்டால் இதுவும் ஏழு மாதம் ஓடிவிடும். "மாடிக்கு எதுக்குங்க அண்ணி பூட்டு?" குரல் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. அண்ணி அடுப்பில் வைத்த பருப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "நாந்தான் உங்கண்ணங்கிட்டச் சொன்னேன். சொல்லிப்போட்டு மாட்டலாம்னுதான் இருந்தேன், ஆசாரி நேத்தே வந்துட்டாரு. நான் இந்த ஊட்டுக்கு வந்து பதினாலு வருசமாச்சு அம்மணி. உள்ள போயிச் சாத்திட்டு உக்கார எனக்குன்னு ஒரு கதவு இருந்ததில்ல. அழுகோணும்னாக்கூட பாத்ரூமுல கொழாயத் தெறந்து உட்டுட்டுத்தான் அழுகோணும். நீ மேல ஆபீஸ் போன் பேசறே, பேசாமயும் உக்காந்திருக்கறே. நான் துணி காயப்போட வாரப்ப எல்லாம் வெடுக்குனு எந்திரிச்சுக் கண்ணத் தொடச்சுக்கறே. ரெண்டுக்கும் ஒரு கதவு வேணுமல்லோ?" சொல்லிவிட்டு, பெரிதாக எதையும் சொல்லாதவள்போலப் பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நேற்று இரவு முழுக்க வாடகை, எல்லை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எவ்வளவு கணக்குப் போட்டாய்... பூஜிதாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், கொஞ்சம் எங்கேயாவது போய் உட்கார வேண்டும்போலவும் இருந்தது. அண்ணியின் பெயரை ஆப்பில் மாடிக் கதவுக்கும் எழுதிவைத்தாள், அந்தப் பூட்டு சேர்ந்ததும் ஏறிக்கொள்ளும். "மேலயும் உங்க வெரல் திறக்குமுங்க அண்ணி, உங்களுக்கு வேணும்னா வந்து சாத்திட்டு உக்காந்துக்கங்க" என்று சமையலறைப் பக்கமாகக் குரல் கொடுத்தாள். "வாரேன் வாரேன்" என்றது உள்ளேயிருந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தமோ, தாளிக்கிற சத்தமோ, ஏதோ ஒன்று சேர்ந்து கேட்டது.

மாடிப் பூட்டு மட்டும் பிடிவாதம் பிடித்தது. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கீழே டிவிக்குப் பக்கத்திலிருந்து அந்த வெள்ளை டப்பா பேசுவது மாடி வரை போகவில்லை, நடுவில் என்ன இருக்கிறது, கான்கிரீட், அதற்கு நேர் மேலே அவள் அறையில் சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ, இரும்பு எதையும் தாண்ட விடாது. பீரோவை நகர்த்த ஒரு ஆள் போதாது, டப்பாவையே நகர்த்தலாம். வெளிப்படி பாதியில் திரும்புகிற இடத்தில் அண்ணன் சீரியல் லைட்டுக்காக வைத்த ஒரு ப்ளக் பாயின்ட் இருந்தது, மழை படாது, அங்கே சொருகிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். கீழே ஹாலுக்கும் கேட்க வேண்டும், மேலே அறைக்கும் கேட்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருந்தால்தான் ஆகும். நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அது நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், இரண்டு மூன்று நிமிடம் ஆகும். தெருவில் ஒரு குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டே போயிற்று. காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை, ஆப்பில் வீட்டை மாற்றுகிற அம்புக்குறியைத் தொட்டு மறுபடி பெங்களூருக்குப் போயிற்று. ஒன்பது எட்டாகியிருந்தது. அதற்குக் கீழே பதிவுகள் என்று இருந்தது, யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியல். பார்க்கலாமா? பார்க்கக்கூடாது, இன்னொருவர் எப்போது வீடு திரும்புகிறார் என்று பார்ப்பது அசிங்கம், ஆபீசில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வாள்... தொட்டுவிட்டாள்.

ரோஹன், இரவு எட்டு ஐம்பத்தைந்து. ரோஹன், ஒன்பது பத்து. ரோஹன், எட்டு நாற்பது. அவன் பெயர் இருந்த வரிகளை மட்டும் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதலாக மேலே நகர்த்தியபோது, இடையிடையே வேறொரு பெயர் இருந்தது. பூஜிதா கதவைத் திறந்தார், காலை ஏழு நாற்பது. இன்றைக்கு. நேற்றும், ஏழு நாற்பத்திரண்டு. அதற்கு முந்தின நாளும், போன வாரமும், போன மாதமும், விரலால் தள்ளத் தள்ள, பூஜிதா கதவைத் திறந்தார், பூஜிதா கதவைத் திறந்தார்... தேதியைத் திரும்பப் பார்த்தாள், பிறகு புரிந்தது, மஞ்சுளாம்மா. அவருக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நான்கு எண் பூஜிதாவின் எண்தானே, பூட்டுக்கு ஆள் தெரியாது, எண்தான் தெரியும். பாத்திரம் கழுவ வருகிற அம்மாள் தினமும் என் பெயரில் அந்த வீட்டுக்குள் போகிறார், ஏழு மாதமாக. சிரிப்புதான் வந்தது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, இன்னொன்று ஞாபகம் வந்தது. நைட் ஷிஃப்ட் நாட்களில் அவள் விடிகாலையில் வந்து சேர்ந்துவிட்டாளா என்று ரோஹன் தூக்கத்தில் எழுந்து எழுந்து பார்ப்பான், அதற்காக அவளே ஒருநாள் அவன் போனில் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள், அவள் எண்ணில் கதவு திறந்தால் அவன் போனுக்குச் செய்தி போகும். அதை நிறுத்துவது அவன் கையில்தான் இருக்கிறது, ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆப்பில் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். நிறுத்தவில்லை. அப்படியென்றால் தினமும் காலையில் அவன் பல் துலக்கும்போதோ, காபி போடும்போதோ, போன் ஒருமுறை அதிர்ந்து, பூஜிதா கதவைத் திறந்தார் என்று சொல்லியிருக்கிறது, இருநூறு தடவைக்கு மேல்... முதல் நாள் அதைப் பார்த்து வாசலுக்கு ஓடியிருப்பானா? நிறுத்தத் தெரியவில்லையா, சோம்பலா, கவனிக்கவே இல்லையா? அல்லது...

மெசேஜ் அடித்தாள். டோர் லாக் பேட்டரி எட்டுதான் இருக்கு, மாத்திடு. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனுக்கு அனுப்பும் முதல் செய்தி. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. எத்தனை வேணும்? நாலு, பழசோட கலந்து போடாத. சரி, தேங்க்ஸ். அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றுவிட்டது. பூஜிதா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆப்புக்குத் திரும்பி, தன் எண்ணின் எதிரே இருந்த பெயரை அழித்து, மஞ்சுளாம்மா என்று எழுதிச் சேமித்தாள். சரியான வேலைதான், பதிவு என்றால் உண்மை இருக்க வேண்டும், யாரோ வந்ததற்கு யார் பெயரோ இருக்கக்கூடாது, ஜூனியர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் பேட்டரியைப் பற்றிச் சொன்னவள் இதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லையே, ஒரு வரிதானே, ஏன் சொல்லவில்லை?

நீல விளக்கு நிலையாக எரிந்தது. மேலே போய் விரலை வைத்தாள், மாடிக் கதவு சின்ன முனகலோடு திறந்து, மூடிக்கொண்டது. மறுபடி ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சோறு ஆறுது அம்மணி, வாரயா?"

"வாரேனுங்க அண்ணி."

படி இறங்கும்போது நாளைய வேலைகள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன, திங்கட்கிழமை, காலை ஏழரைக்கு ஒரு மீட்டிங், அதை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாமா, தள்ளிவைத்தால் ஏழு நாற்பதுக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு... எதற்கு? நாளைக்குக் காலையில் அந்தப் பெயர் வராதபோது அவன் கேட்பானா என்று பார்க்கத்தானா அதை மாற்றினாய்? பூஜிதா நாலாவது படியில் நின்றுவிட்டாள். கீழே அண்ணி தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.